தூணோரத்து ஞானி

அந்தக் கூடத்தில் ஆடாமல் அசையாமல் உட்காரத் தெரிந்தவள் ஒருத்திதான். அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த விஷயம் அவளுக்குத் தெரியும், அவளுடைய நாத்தனாருக்குத் தெரியும். மற்ற எல்லாரும் அதைத் தியானம் என்று நம்பி, அவள் பக்கத்தில் இடம் பிடிக்கப் போட்டி போட்டார்கள். இது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் மூக்குக் கண்ணாடி எப்படித் தயாராகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சுற்றி வளைப்பதாக நினைக்க வேண்டாம், வழி அதுதான்.

கண்ணாடிக் கடையில் நீங்கள் ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போன பிறகு பின்னறையில் ஒரு வேலை நடக்கும். லென்ஸ் வட்டமாகத்தான் வரும். அதை ஒரு கருவியில் வைத்துப் பார்த்து, சரியான நடு எது என்று கண்டுபிடித்து, மையால் ஒரு புள்ளி வைப்பார்கள். உங்கள் கருவிழிக்கு நேராக அந்தப் புள்ளி வந்து நிற்க வேண்டும். அதற்கு ஏற்றபடி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுற்றும் சாணைக்கல்லில் ஓரத்தைத் தேய்த்து, ஃப்ரேமின் வடிவத்துக்குக் கொண்டுவருவார்கள். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனால் போதும், போட்டுக்கொள்பவருக்குப் படியில் கால் வைக்கும்போது தரை எழுந்து வருவது போல இருக்கும். அவர் நேரே கடைக்கு வந்து சத்தம் போடுவார்.

அவள் பார்த்த வேலை அது. அவள் தேய்த்த லென்ஸுக்காக யாரும் வந்து சத்தம் போட்டதில்லை. கடையில் எல்லாருக்கும் அவள் லென்ஸக்கா.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் லென்ஸைக் கையில் பிடித்தபடி சாணைக்கல்லின் முன் நின்றாள். கல் சுற்றியது, தண்ணீர் ஓடியது, அவள் நின்றாள். எதையும் யோசிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவள் "என்னக்கா?" என்று கேட்ட பிறகுதான் தான் நின்றுகொண்டிருப்பதே தெரிந்தது. மறுநாளும் அப்படி. பிறகு குளிக்கப் போவதே பெரிய பயணம் போகிற மாதிரி ஆயிற்று. சாப்பாடு அட்டையை மெல்லுவது போல இருந்தது. அழுதாலாவது வீட்டில் ஏதாவது கேட்பார்கள். அழுகையும் வரவில்லை. ராத்திரி முழுக்கக் கண் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தாள்.

அவளுடைய கணவன் மெத்தைக் கடையில் விற்பனையாளன். ஊரையே படுக்க வைத்து "எப்படி இருக்கு, சார்?" என்று கேட்பவன். தொழில் புத்தி எங்கே போகும்? கோளாறு மெத்தையில்தான் என்று முடிவுகட்டினான். ஸ்பிரிங் வைத்தது, பஞ்சு வைத்தது, கல் மாதிரி இருப்பது என்று கடையில் பார்வைக்கு வைத்திருந்த ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து போட்டான். கடைசியில் ஒரு காலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "இது மெத்தை விஷயம் இல்லைன்னு நினைக்கிறேன்."

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் அடித்த முதல் கிண்டல் அது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மனநல மருத்துவர் நிதானமான பெண்மணி. "இது சோம்பலும் இல்ல, திமிரும் இல்ல. நோய். மாத்திரை குடுக்கிறேன், ராத்திரி போடுங்க. மெதுவாத்தான் வேலை செய்யும். ஆரம்பத்துல காலையிலயும் தூக்கம் இழுக்கும். நல்லாயிட்டேன்னு நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா உடம்பு பழிவாங்கும்" என்றார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

பிறகு அண்ணி வந்தார்.

அண்ணி என்றால் கணவனின் அக்கா. ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருப்பவர். அவர் பேசினால் உள்ளே வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவருக்கும் கேட்கும். வாரம் முழுக்க யாருக்கு எந்தப் பல் ஆடுகிறது, யார் கட்டிய பல் சோற்றோடு உள்ளே போனது என்பதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிற அவர், மனநல மருத்துவர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லக்கா" என்றான் தம்பி.

"சொல்லாத. யாராவது கேட்டா தைராய்டுன்னு சொல்லு."

"தைராய்டு இல்லையே, அண்ணி" என்றாள் அவள்.

"இல்லாட்டி என்ன? கௌரவமான வியாதி. நாலு பேருக்கு இருக்கு. இத வெளிய சொன்னா, நாளைக்கு நீ கோபமா ஒரு வார்த்தை பேசினாலும், மாத்திரை போட்டியான்னு கேப்பாங்க. இல்லையா சொல்லு?"

அதில் பொய் இல்லை. அதுதான் சங்கடம்.

இருந்தாலும் அவள் சோர்ந்த முகத்தோடு இருப்பதை ஊரார் பார்க்கத்தானே செய்கிறார்கள்? அதற்கும் அண்ணி ஒரு வழி வைத்திருந்தார். டயர் கடைக்கு மேலே ஒரு கூடம். அங்கே காலையில் கொஞ்சம் பேர் கூடி மௌனமாக உட்காருகிறார்கள். "தியானத்துக்குப் போறான்னு சொன்னா மரியாதை. முகம் வாடியிருந்தாலும், உள்ளுக்குள்ள ஆழமாப் போறான்னு நினைச்சுப்பாங்க. நானும் கூட வரேன்."

கூடத்தை நடத்தியவரை எல்லாரும் மாஸ்டர் என்றார்கள். வாழ்நாளெல்லாம் நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்கு மூச்சைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர். இப்போது பெரியவர்களுக்கு மூச்சை விடச் சொல்லிக்கொடுத்தார். "உங்க சாமி எதுவோ அதை மூச்சுல வச்சுக்கோங்க. சாமி இல்லாதவங்க மூச்சை மட்டும் வச்சுக்கோங்க. யோசனை வரும், வரட்டும். வந்தவங்களுக்கு உபசாரம் பண்ணாதீங்க, விரட்டவும் விரட்டாதீங்க. அவ்வளவுதான், உட்காருங்க" என்று சொல்லி ஒரு சின்ன மணியை அடித்தார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் உறுமியது. அது தொட்டியில் காற்று நிரம்பும்வரை உறுமும், நிரம்பியதும் தானாகவே நின்றுவிடும். அந்த உறுமல் நின்ற நிமிஷத்தில் அவள் தூங்கிப்போனாள்.

உட்கார்ந்தபடி தூங்குவது லேசான காரியமில்லை. தூக்கத்தில் கழுத்துத் தசை தளரும், தலை முன்னால் விழும், விழுந்த வேகத்தில் விழிப்பு வந்துவிடும். இதைத் தடுக்க வேண்டுமானால் முதுகு எங்காவது சாய வேண்டும், முகவாய் சற்றே உள்ளே இழுத்திருக்க வேண்டும், முழங்கால்கள் இரண்டும் தரையில் அகலமாகப் பதிந்திருக்க வேண்டும். பல வருஷம் பேருந்தில் வேலைக்குப் போய்வந்ததில் இந்த வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. கூடத்தின் மூலையில் ஒரு தூண் இருந்தது. அவள் அதில் சாய்ந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் முதுகுக்கும் தூணுக்கும் இடைவெளி இருப்பது போலத்தான் தெரியும்.

மற்றவர்களோ நெளிந்தார்கள், சொறிந்தார்கள், ஒற்றைக் கண்ணைத் திறந்து அக்கம்பக்கம் பார்த்தார்கள். அப்படிப் பார்த்த ஒவ்வொருவர் கண்ணிலும் அவள்தான் பட்டாள். முகத்தில் ஒரு சுருக்கமில்லை. மூச்சு சீராக, ஆழமாகப் போய்வந்தது. இருக்காதா பின்னே?

மணி அடித்ததும் அண்ணி அவள் தோளைத் தொடுவார். அவள் மெல்லக் கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் எல்லாரையும் கனிவாகப் பார்ப்பாள். தூக்கக் கலக்கத்தில் எல்லாருடைய பார்வையும் கனிவாகத்தான் இருக்கும். கூடமே உருகிப்போகும்.

சீக்கிரமே அவளுக்கு மரியாதை கூடிவிட்டது. ஒரு அம்மாள், "எப்படிம்மா இவ்வளவு ஆழமாப் போறீங்க?" என்று கேட்டார். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "தானா வருது" என்றாள். அந்த அம்மாள் அதை நான்கு பேரிடம் சொன்னார். அண்ணி வரவேற்பு மேசையிலிருந்து நாற்பது பேரிடம் சொன்னார். பல் வலிக்கு வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தூணைப் பற்றி விசாரித்தார்கள்.

அவள் ஏன் மறுக்கவில்லை? மறுத்தால் ஏன் தூங்கினாய் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் மாத்திரை. மாத்திரைக்குப் பின்னால் மருத்துவர். அதற்குப் பின்னால் அண்ணி சாத்திய ஜன்னல். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சாணைக்கல்லின் முன் மரமாக நின்றவளுக்கு அந்த மரியாதை இதமாகவும் இருந்தது. மாத்திரை மெல்ல வேலை செய்யத் தொடங்கியிருந்தது. கடையில் மறுபடியும் புள்ளி சரியான இடத்தில் விழுந்தது. காலையில் எழுந்து போக ஓர் இடம் இருப்பதும் பிடித்திருந்தது. போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டாள்.

நஷ்டம் யாருக்கு என்பது ஒரு காலையில் படிக்கட்டில் தெரிந்தது.

கூடத்துக்கு லிஃப்ட்காரர் ஒருவர் வருவார். மனைவி, பிள்ளைகள் உள்ள மனிதர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். அவர்கள் நம்மைப் போல லிஃப்டுக்குள்ளே நின்று போவதில்லை. அதன் கூரைமேல் ஏறி நின்று, கையில் உள்ள பொத்தானை அழுத்தி, இருட்டுச் சுவர்களுக்கு நடுவே மெதுவாக மேலே போவார்கள். லிஃப்ட் ஏறும்போது அதைச் சமன்செய்கிற இரும்புப் பாளங்கள் பக்கத்திலேயே இறங்கி வரும். அங்கே கவனம் பிசகக் கூடாது.

"அக்கா, உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்" என்றார் அவர். "எனக்குக் கொஞ்ச நாளா ஒரு பிரச்சினை. மேல போகும்போது திடீர்னு நெஞ்சு அடிச்சுக்கும். கை மரத்துப்போகும். இப்பவே செத்துடுவோம்னு தோணும். வேலை இடத்துல வயிறு சரியில்லைன்னு சொல்லி வச்சிருக்கேன். டாக்டர் மாத்திரை குடுத்தாங்க. உங்களப் பார்த்ததும் வெக்கமாப் போச்சு. மாத்திரை இல்லாம இவங்க எங்கயோ போயிட்டாங்க, நாம இதை முழுங்கிட்டு இருக்கோமேன்னு. தூக்கிப் போட்டுட்டேன்."

அவளுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. "எப்ப?"

"இந்த வாரம்தான். கொஞ்சம் தலை சுத்துது, நடுக்கம் இருக்கு. அதெல்லாம் அழுக்கு வெளியேறுது, இல்லக்கா? நாளைக்குப் பெரிய கட்டடத்துல வேலை. உங்கள நினைச்சுக்கிட்டே கூரைமேல ஏறிடுவேன்."

"தம்பி, என்னை நினைச்சுக்கிட்டு எதுலயும் ஏறாதீங்க. நான் தியானமே பண்றதில்ல. தூங்குறேன்."

லிஃப்ட்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன அடக்கம்! நிறைகுடம்க்கா நீங்க."

"ஐயோ, நிஜமாத்தான் சொல்றேன். நானும் மாத்திரை போடுறேன்."

"என்னைச் சோதிக்கிறீங்க, எனக்குப் புரியுது" என்று சிரித்தபடி இறங்கிப்போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் வெகுநேரம் யோசித்தான். "உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்கிறாரா?"

"கும்பிடுறாரு."

"அப்ப நாளைக்கு நல்லாக் குறட்டை விடு."

"விளையாடாதீங்க. கையில நடுக்கத்தோட அவர் அங்க ஏறி நின்னா?"

அவன் சிரிப்பை நிறுத்தினான். "அப்ப எல்லார் முன்னாடியும் சொல்லணும். மாத்திரை அட்டையைக் காட்டியே சொல்லணும். அக்காவும் அங்கதான் இருப்பா." கொஞ்சம் பொறுத்து, "சொல்லு. அக்காவ நான் பார்த்துக்கிறேன்" என்றான். அக்காவை அவனால் பார்த்துக்கொள்ள முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் சொன்னது அவளுக்குத் தெம்பாக இருந்தது.

மறுநாள் மணி அடிப்பதற்கு முன்பே அவள் மாஸ்டரிடம் போய் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்றாள். மாஸ்டர் பூரித்துப்போனார். கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. லிஃப்ட்காரர் கருவிப்பெட்டியோடு வந்திருந்தார். இங்கிருந்து நேரே வேலைக்குப் போவதாகத் திட்டம். அண்ணி முன்வரிசையில், புகைப்படம் எடுக்கப்போகிறார்கள் என்பது போல உட்கார்ந்திருந்தார்.

"நான் உபதேசம் பண்ண வரல" என்று தொடங்கினாள். "இங்க நான் தியானம் பண்ணினதே இல்ல. தினமும் தூங்கினேன்."

கூடம் அன்பாகச் சிரித்தது. யாரோ, "எவ்வளவு பணிவு பாருங்க" என்றார்.

அவள் கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இது மனசுக்கு டாக்டர் குடுத்தது. ராத்திரி போட்டா காலை வரைக்கும் இழுக்கும். எனக்கு தைராய்டு கிடையாது. குளிக்கக்கூட முடியாமக் கிடந்தேன். இப்ப எழுந்து வேலைக்குப் போறேன்னா முதல் காரணம் இதுதான். என்னைப் பார்த்து யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா, தூங்கினவளப் பார்த்து நிறுத்தியிருக்கீங்க."

சிரிப்பு நின்றது. கீழே காற்று இயந்திரம் உறுமியது.

லிஃப்ட்காரர் எழுந்தார். "அக்கா, இது எனக்காகச் சொல்றீங்க. நான் நம்ப மாட்டேன். அந்த அட்டை யாரோடதா வேணாலும் இருக்கலாம்."

அவளிடம் வேறு சாட்சி இல்லை. கண்கள் தாமாகவே அண்ணியிடம் போயின. அண்ணி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்தில் பாதிப் பேர் அவருடைய மருத்துவமனையில் பல் காட்டியவர்கள். இன்றைக்கு அவர் வாயைத் திறந்தால் நாளைக்கு அவர் மேசைக்கு முன்னாலேயே நின்று இதைப் பேசுவார்கள். பேச்சே தொழிலாக உள்ள அந்த அம்மாள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பிறகு எழுந்தார். "தூக்கம்தான்."

லிஃப்ட்காரர் திரும்பினார்.

"என்ன பார்க்கிறீங்க? மணி அடிச்சதும் நான் அவ தோளைத் தொடுறது ஆசீர்வாதம் வாங்கவா? எழுப்புறேங்க! முதல் நாள் குறட்டை வேற. அது கேக்கக்கூடாதுன்னு நான் இருமி இருமித் தொண்டை புண்ணாப்போச்சு. மாஸ்டர்கூட என்னை வெந்நீர் குடிக்கச் சொன்னாரே!"

"ஆமா, சொன்னேன்" என்றார் மாஸ்டர், பாவமாக.

"மறைக்கச் சொன்னது நான். வெக்கம் அவளுக்கில்ல, எனக்கு. பல் போனா ஊருக்கே சொல்வேன், இதுக்கு மட்டும் ஜன்னலைச் சாத்தினேன்." அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு லிஃப்ட்காரரைப் பார்த்து விரலை நீட்டினார். "நீங்க அந்தப் பெட்டியைக் கீழ வைங்க முதல்ல."

லிஃப்ட்காரர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று வெளியே போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். படிக்கட்டின் பாதியில் அவர் உட்கார்ந்திருந்தார். கைகள் உதறிக்கொண்டிருந்தன.

"என்னை ஏமாத்திட்டீங்க."

"ஆமா" என்றாள். அவரிடமிருந்து ஒரு படி தள்ளி உட்கார்ந்தாள். "அந்த மரியாதை எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதான் வாயைத் திறக்கல."

அவர் கொஞ்ச நேரம் டயர் கடைக்காரர்கள் சக்கரம் உருட்டுவதைப் பார்த்தார். "இப்ப மறுபடியும் மாத்திரையைப் போட்டுடவா?"

"எனக்குத் தெரியாது. உங்க டாக்டரைக் கேளுங்க. இப்பவே கேளுங்க."

கேட்டார். உடனே வரச் சொன்னார்கள். பிறகு தன் மேலாளருக்குப் போன் போட்டார். "சார், இன்னைக்கு வர முடியல, வயிறு..." என்று பழக்கதோஷத்தில் தொடங்கி நிறுத்தினார். அவள் படிக்கட்டின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வயிறு இல்ல சார். எப்பவுமே வயிறு இல்ல. மேல ஏறினா பயம் வருது. அதுக்கு வைத்தியம் பார்க்கிறேன்."

மறுமுனையிலிருந்து வந்த பெருங்குரல் அவளுக்கும் கேட்டது. "அப்ப எண்ணெயில பொரிச்சதைத் தொடாதன்னு இத்தனை நாளா நான் உனக்குப் பத்தியம் சொன்னதெல்லாம் வீணாய்யா? முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் கூரைப் பக்கம் போகாத. கீழ வேலை இருக்கு."

லிஃப்ட்காரர் சிரிக்கவும் செய்தார், அழவும் செய்தார். அண்ணி கையில் தண்ணீர் பாட்டிலோடு மேல்படியில் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஒட்டுக்கேட்பதும் அவர் தொழிலில் சேர்த்திதான்.

அவளுடைய மருத்துவர் மாத்திரையைச் சாயங்காலமே போட்டுக்கொள்ளும்படி மாற்றினார். தூக்கக் கலக்கம் விலகியது. கண் முழித்துக்கொண்டு அவள் முதன்முதலாகத் தியானத்தில் உட்கார்ந்தாள். அப்போதுதான் தெரிந்தது, இது எவ்வளவு பெரிய தொல்லை என்று. முழங்கால் வலித்தது. மூக்கு அரித்தது. கடையில் பாக்கியிருந்த லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் அந்தப் பழைய கனமும் வந்து உட்கார்ந்தது. எழுந்து ஓடத் தோன்றியது. உபசாரமும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம் என்று மாஸ்டர் சொன்னதைப் பிடிவாதமாகப் பற்றிக்கொண்டு ஒரு மூச்சு விட்டாள். கனம் போகவில்லை. ஆனால் அது தன்மேல் உட்காரவில்லை, பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது போல ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி மறுபடியும் மூக்கு அரித்தது. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அழ வராமல் கிடந்தவளுக்கு அதுவே பெரிய வரவாக இருந்தது.

முடிந்ததும் மாஸ்டரிடம் போனாள். "ஒன்னுமே நடக்கல, மாஸ்டர். ஒரே ஒரு நொடிதான்."

"ஒரு நொடியா?" என்று மாஸ்டர் பொறாமையோடு கேட்டார். "தினமும் வாங்க."

அவள் தினமும் போனாள். மாத்திரையையும் விடவில்லை, உட்காருவதையும் விடவில்லை. அவளைச் சுற்றி இடம் பிடிக்க இப்போது யாரும் போட்டி போடவில்லை. ஒருவர் மட்டும் கூடம் காலியான பிறகு அவளிடம் வந்து, தன் நண்பர் ஒருவருக்காக அந்த மருத்துவரின் விலாசம் கேட்டார். நண்பருக்கு என்ன செய்கிறது என்று கேட்டதற்கு அவர் அழத் தொடங்கியதால், அவள் மேற்கொண்டு நண்பரைப் பற்றி விசாரிக்கவில்லை.

பருவம் மாறிய பிறகு ஒரு காலை, லிஃப்ட்காரர் கீழே டயர் கடை வாசலில் பெட்டியோடு நின்றார். அவருடைய மருத்துவர் சரி என்று சொல்லியிருந்தார். கூட ஒரு ஆள் துணைக்கு வர, அன்றைக்கு மறுபடியும் கூரைமேல் ஏறுகிறார்.

"பயமா இருக்கா, தம்பி?"

"இருக்குக்கா. அதுவும் கூட வரும்போல. வரட்டும், கூரைமேல ஓரமா நிக்கட்டும்."

"மாத்திரை?"

"போட்டாச்சு. காலையில உட்காரவும் உட்கார்ந்தாச்சு." அவர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டடி நடந்து திரும்பினார். "ஆனா ஒன்னு சொல்லணும், தப்பா எடுத்துக்காதீங்க. முழிச்சதுல இருந்து நீங்க பண்ற அலம்பல் தாங்கல. நெளியறீங்க, பெருமூச்சு விடுறீங்க, மூக்கைச் சொறியறீங்க. ஒரு பக்கம் நீங்க, இன்னொரு பக்கம் உங்க அண்ணி. நடுவுல நான் எப்படிக்கா ஞானம் அடையறது?"

"ஞானம் அப்புறம் அடையலாம். பஸ் வருது பாருங்க, ஓடுங்க" என்றாள் லென்ஸக்கா. அவர் ஓடினார்.